கடைசியில்தான் கார்பரேட்டர்

பழைய பெட்ரோல் கார் சரியாக ஓடவில்லை என்றால் பெரும்பாலோர் முதலில் கை வைப்பது கார்பரேட்டரில். பானட்டைத் திறந்ததும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. ஒரு திருப்புளி போதும். திருகிய உடனே எஞ்சின் சத்தம் மாறும். வேலை முடிந்தது என்று தோன்றும். மறுநாள் காலையில் வண்டி பழையபடி மிஸ்ஸிங் அடித்துக்கொண்டு நிற்கும். எஞ்சின் ட்யூனிங் பழக வருகிறவர்கள் முதலில் விட வேண்டிய பழக்கம் இதுதான் என்பது என் உறுதியான கருத்து. இந்த வேலைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் வால்வு, அடுத்து பொறி, கடைசியில் பெட்ரோல். ஏன் இப்படி ஒரு வரிசை என்பது புரிந்துவிட்டால் மிச்சமெல்லாம் கைப்பழக்கம்.

நான் பாளையங்கோட்டையில் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்துகிறவள். வெப்ப இயக்கவியல் பாடம் வரும்போதெல்லாம் எஞ்சின் சிலிண்டரைக் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். வரைந்த பொருளைக் கையால் தொட்டு அறிய வழி செய்தது அப்பாவின் அம்பாஸிடர். 1978-ஆம் வருட மார்க் 3. ஸ்டீயரிங் தண்டோடு சேர்ந்த கை கியர், 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். இங்கிலாந்தின் பி.எம்.சி. நிறுவனம் 'பி சீரிஸ்' என்ற பெயரில் வடிவமைத்த எஞ்சின் அது. கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் பல பத்தாண்டுகள் அதைச் செய்துகொண்டிருந்தது. அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. பாபநாசம் போய்வர அவருக்கு இந்த வண்டியின் பின் சீட்டுதான் வேண்டும். அதை நல்ல நிலையில் வைத்துக்கொள்ளும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன்.

கற்றுத் தந்தவர் வண்ணார்பேட்டைப் பக்கம் சின்னப் பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சி. ஆரம்பத்திலேயே ஒரு நிபந்தனை போட்டார். "ஸ்பேனரைத் தொடுததுக்கு முன்னால ஒரு நோட்டு வாங்கிட்டு வாங்க டீச்சர். ஒண்ண மாத்தினா ஒண்ண எழுதணும். ரெண்ட ஒரேயடியா மாத்திட்டா, வண்டி எதுனால சரியாச்சுன்னு எப்படித் தெரியும்?" ஆய்வுக்கூடத்தில் மாணவர்களிடம் நான் சொல்லும் அதே விதியை, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட ஒருவர் தன் தொழிலிலேயே கண்டுபிடித்து வைத்திருந்தார். ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்று. ட்யூனிங்கில் இதைவிடப் பெரிய பாடத்தை நான் இன்றுவரை கற்கவில்லை.

எஞ்சின் என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிஸ்டன் இறங்கும்போது காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்து உள்ளே வருகின்றன. ஏறும்போது அந்தக் கலவை அமுக்கப்படுகிறது. பிளக்கில் பொறி பாய்ந்து கலவை எரிகிறது, பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. மறுபடி ஏறும் பிஸ்டன் புகையை வெளியேற்றுகிறது. இதற்கு கிராங்க் தண்டு இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிஷத்துக்கு 3000 சுற்றில் ஓடினால் விநாடிக்கு நூறு பொறி பாய்கிறது. ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு இருபத்தைந்து தடவை திறந்து மூடுகிறது. நன்றாக எரிய மூன்று விஷயங்கள் வேண்டும்: கசியாத அமுக்கம், சரியான நேரத்தில் பலமான பொறி, சரியான விகிதத்தில் கலவை. ட்யூனிங் என்று சொல்வது இந்த மூன்றையும் கையேட்டில் சொன்ன அளவுக்குத் திரும்பக் கொண்டுவருவதுதான். பந்தயத்துக்காகக் குதிரைத்திறனைக் கூட்டுவது வேறு வேலை. புதிதாகப் பழகுகிறவர் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

அமுக்கத்திலிருந்து தொடங்குவோம். கம்ப்ரஷன் கேஜ் என்ற மானியைப் பிளக் துளையில் வைத்துப் பார்ப்பது எளிது. எஞ்சினைச் சூடாக்கி அணைத்துவிட்டு, நான்கு பிளக்கையும் கழற்றி, பொறிக்கு மின்சாரம் தரும் காயிலின் இணைப்பை எடுத்துவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்திக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுழற்ற வேண்டும். முள் எங்கே நிற்கிறது என்று நான்கு சிலிண்டருக்கும் நோட்டில் எழுத வேண்டும். எண் எவ்வளவு என்பதைவிட நான்கும் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்பதுதான் முக்கியம். ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அந்தச் சிலிண்டரில் ஒரு கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பார்ப்பார்கள். எண் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது; ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு சரியாக உட்காரவில்லை. இந்தச் சோதனையில் தோற்ற எஞ்சினை எந்த ஸ்குரூவாலும் ட்யூன் செய்ய முடியாது. அது தெரியாமல் கார்பரேட்டரை மாற்றிச் செலவு செய்தவர்கள் எத்தனையோ பேர். அதனால்தான் இது முதல் படி.

அடுத்தது டாப்பெட், அதாவது வால்வு இடைவெளி. கேம் தண்டு தூக்கும் புஷ்ராடு, ராக்கர் என்ற சிறு நெம்புகோலைத் தள்ள, ராக்கரின் மறுமுனை வால்வை அழுத்தித் திறக்கிறது. வால்வு மூடியிருக்கும்போது ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே நூலிழை இடைவெளி வேண்டும். உலோகம் சூட்டில் நீளும் என்பது எட்டாம் வகுப்புப் பாடம். இடைவெளி இல்லாவிட்டால் நீண்ட வால்வு முழுசாக மூடாது. புகை வெளியேறும் வால்வு தன் சூட்டை இருக்கையில் உட்காரும் அந்தக் கண நேரத்தில்தான் கடத்திவிடுகிறது. உட்கார முடியாத வால்வு எரிந்து ஓட்டையாகும். இடைவெளி அதிகமானால் டிக் டிக் என்று சத்தம் வரும், வால்வு தாமதமாகத் திறக்கும், இழுவை குறையும். "டாப்பெட் சத்தம் கேட்டா பதறாதீங்க டீச்சர். சத்தமே கேக்கலன்னாதான் பாத்துக்கிடணும்" என்பார் அண்ணாச்சி.

என் வண்டிக்கு அளவு 15 தவ். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைப் பட்டறைகளில் தவ் என்பார்கள். 15 தவ் என்றால் 0.38 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய எஃகுத் தகடுகளின் கட்டில் அந்த எண் பொறித்த தகட்டை எடுத்து இடைவெளியில் நுழைக்க வேண்டும். இழுத்தால் லேசாகப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். தாராளமாக ஓடினால் அதிகம், முக்கி இழுக்க வேண்டியிருந்தால் குறைவு. லாக் நட்டை முறுக்கும்போது இடைவெளி சற்று மாறும் என்பதால் முறுக்கிய பிறகு இன்னொரு முறை அளக்க வேண்டும். இந்தப் பிடிமானம் எவ்வளவு என்பதைப் புத்தகத்தால் சொல்லித்தர முடியாது. அண்ணாச்சி தான் சரிசெய்த ஒரு வால்வில் என்னைத் தகட்டை இழுத்துப் பார்க்கச் சொன்னார். கை அதை வாங்கிக்கொண்டது.

எந்த நேரத்தில் எந்த வால்வை அளப்பது என்பதற்கு ஓர் அழகான கணக்கு இருக்கிறது. எட்டு வால்வுகளுக்கும் ரேடியேட்டர் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை எண் கொடுங்கள். பிளக்குகளைக் கழற்றிவிட்டால் முன்பக்கம் ஹேண்டில் போட்டு எஞ்சினைச் சிரமமில்லாமல் சுற்றலாம். 8-ஆம் வால்வு முழுக்கத் திறந்து நிற்கும்போது 1-ஐச் சரி செய்யுங்கள். 6 திறந்திருந்தால் 3. 4 திறந்திருந்தால் 5. கூட்டுத்தொகை எப்போதும் ஒன்பது. நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒன்றும் நான்கும், இரண்டும் மூன்றும் ஜோடியாக ஏறி இறங்குகின்றன; ஜோடியில் ஒன்றின் வால்வு முழுக்கத் திறந்திருக்கையில் மற்றதில் அதற்கு நேரான வால்வு நன்றாக மூடியிருக்கும். வால்வுகள் முன்பாதிக்கும் பின்பாதிக்கும் கண்ணாடியில் பார்த்தது போல அமைந்திருப்பதால் கணக்கு ஒன்பதில் வந்து நிற்கிறது. எங்கள் பிளஸ் ஒன் மாணவிகளிடம் இதைச் சொன்னபோது ஒருத்தி காகிதத்தில் போட்டுப் பார்த்து நிரூபித்துக் காட்டினாள்.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் டாப்பெட்டை அடிக்கடி பார்க்க இன்னொரு காரணமும் உண்டு. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாடு முழுக்க ஈயமில்லாத பெட்ரோல்தான் விற்கப்படுகிறது. குழந்தைகளின் மூளைக்குக் கேடு செய்த ஈயம் போனது பெரிய நன்மை. ஆனால் அந்தக் காலத்து வார்ப்பிரும்பு ஹெட்டில் வால்வு இருக்கைக்கு ஈயம் ஒரு மேற்பூச்சாக இருந்து தேய்மானத்தைத் தடுத்தது. அது இல்லாதபோது, குறிப்பாக வெகுதூரம் வேகமாக ஓட்டினால், இருக்கை கொஞ்சம் கொஞ்சமாகக் குழிகிறது, வால்வு மேலே ஏறுகிறது, இடைவெளி தானாகக் குறைகிறது. ஹெட்டைக் கழற்றும் வாய்ப்பு வந்தால் கடினமான இருக்கை வளையம் போட்டுக்கொள்வது நிரந்தரத் தீர்வு. அதுவரை ஃபீலர் கேஜ்தான் காவல்.

இனி பொறி. பிளக்குகளைக் கழற்றினால் முதலில் சுத்தம் செய்யாதீர்கள், பாருங்கள். எந்தச் சிலிண்டரின் பிளக் எது என்று வரிசையாக வையுங்கள். நடு முனையைச் சுற்றியுள்ள பீங்கான் வெளிர் பழுப்பாக இருந்தால் கலவை சரி. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், இல்லாவிட்டால் பொறி பலமில்லை. வெள்ளை வெளேரென்று இருந்தால் பெட்ரோல் குறைவு, எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. எண்ணெய்ப் பசையோடு இருந்தால் ரிங்கோ வால்வு கைடோ ஆயிலை உள்ளே விடுகிறது. நான்கில் ஒன்று மட்டும் வேறு நிறம் என்றால் கோளாறு அந்தச் சிலிண்டருக்கு உரியது. நான்கும் ஒரே மாதிரி என்றால் எல்லாவற்றுக்கும் பொதுவான இடத்தில் தேட வேண்டும். எஞ்சின் எழுதித்தரும் அறிக்கை இது. தேய்த்துப் பளபளப்பாக்கினால் அறிக்கை போய்விடும். பார்த்து எழுதிக்கொண்ட பிறகு சுத்தம் செய்து, இடைவெளியை 25 தவ்வுக்கு வைத்து மாட்ட வேண்டும்.

நான்கு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்தால் இந்தக் காரின் மிக நுட்பமான பகுதி தெரியும். அதன் உடம்பில் லூக்காஸ் டி.வி.எஸ். முத்திரை இருக்கும், 1961-இல் தொடங்கிய அந்த நிறுவனம் சென்னைப் பாடியில் செய்தது. உள்ளே பாயிண்ட் என்ற சின்ன சுவிட்ச். அது மூடியிருக்கும்போது காயிலின் முதன்மைச் சுற்றில் மின்சாரம் ஓடிக் காந்தப்புலம் உண்டாகிறது. கேம் அதைத் தள்ளித் திறந்ததும் மின்சாரம் அறுபட்டு, காந்தப்புலம் சட்டென்று சரிய, இரண்டாம் சுற்றில் பல்லாயிரம் வோல்ட் எழுந்து பிளக்கில் பொறியாகப் பாய்கிறது. 12 வோல்ட் பேட்டரியிலிருந்து இவ்வளவு பெரிய அழுத்தத்தை எடுக்கும் இந்த ஏற்பாட்டை 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கினார். பாரடேயின் மின்காந்தத் தூண்டலை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கருவி எங்கள் ஆய்வுக்கூடத்தில் கிடையாது.

பாயிண்ட் முனைகளில் நாளாவட்டத்தில் ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடும் விழும். மேடு இருக்கும்போது ஃபீலர் கேஜ் விட்டு அளந்தால் பொய்யான எண் வரும், ஏனென்றால் தகடு மேட்டின் உச்சியைத்தான் தொடுகிறது. லேசான மேடு என்றால் மெல்லிய உப்புத்தாளால் சமமாக்கலாம். மிஞ்சினால் புதுசு போடுவதே நல்லது, விலை அதிகமில்லை. இதற்கும் இடைவெளி 15 தவ்தான். கேமின் மூலை பாயிண்ட்டை முழுக்கத் திறந்து நிற்கும் நிலையில் அளக்க வேண்டும். முனைகள் சீக்கிரம் கருகினால் பக்கத்திலிருக்கும் கண்டென்சரைச் சந்தேகிக்க வேண்டும். முனைகளுக்கு நடுவே பொறி பாயாமல் தடுப்பது அதன் வேலை.

டைமிங், அதாவது பொறி விடும் நேரம், ஏன் முக்கியம் என்பதைக் கணக்காகச் சொன்னால் சட்டென்று விளங்கும். பொறி பாய்ந்ததும் கலவை முழுக்க அதே கணத்தில் எரிந்துவிடாது. தீ பரவ ஏறக்குறைய இரண்டு மில்லி விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 3000 சுற்றில் அந்த நேரத்துக்குள் கிராங்க் 36 டிகிரி திரும்பிவிடும். பிஸ்டன் உச்சியைத் தொட்ட பிறகு பொறி விட்டால், அழுத்தம் எழும்போது பிஸ்டன் ஏற்கெனவே இறங்கத் தொடங்கியிருக்கும். பெட்ரோல் வீண், எஞ்சின் சூடாகும். ரொம்ப முன்னாலேயே விட்டால் ஏறி வரும் பிஸ்டனுக்கு எதிராக வெடிக்கும். ஏற்றத்தில் கணகணவென்று நாக்கிங் கேட்கும், பிஸ்டனே உடையலாம். வேகத்துக்கும் சுமைக்கும் ஏற்பப் பொறியை முந்தச் செய்ய டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழற்சியால் விரியும் எடைகளும், உறிஞ்சு குழாயின் வெற்றிடத்தால் இயங்கும் ஒரு டயாஃப்ரமும் இருக்கின்றன. நாம் வைப்பது தொடக்கப் புள்ளி மட்டும்.

அதை வைக்க ஒரு 12 வோல்ட் பல்பும் இரண்டு ஒயரும் போதும். கிராங்க் புல்லியில் ஒரு வெட்டுக்குறி, டைமிங் செயின் மூடியில் அதற்கு நேரே முனைகள். முதல் சிலிண்டர் அமுக்கத்தில் ஏறி வரும்போது கையேட்டில் சொன்ன டிகிரியில் குறியை நிறுத்த வேண்டும். பல்பின் ஒரு ஒயரை டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டு முனையிலும் மற்றதை எஞ்சின் உடம்பிலும் மாட்டிச் சாவியைப் போட வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரை மெதுவாகத் திருப்பினால் பாயிண்ட் திறக்கும் அந்த இடத்தில் பல்பு எரியும். அங்கே நிறுத்தி முறுக்கிவிட வேண்டியதுதான். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் ரோட்டர் சுழலும் திசைக்கு எதிராகத் திருப்பினால் பொறி முந்தும், அதே திசையில் திருப்பினால் பிந்தும்.

பாயிண்ட் இடைவெளியை மாற்றினால் டைமிங்கும் மாறிவிடும் என்பதைக் கவனியுங்கள். இடைவெளி கூடினால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கிறது, பொறி முந்துகிறது. ஆகவே பாயிண்ட் முதலில், டைமிங் பிறகு. மாற்றிச் செய்தால் செய்த வேலை கெட்டுப்போகும். நான் தொடக்கத்தில் சொன்ன வரிசையின் ரகசியம் இதுதான்: ஒவ்வொரு படியும் முந்தைய படியின் மேல் நிற்கிறது. டாப்பெட் சரியில்லாமல் ஸ்லோ, அதாவது ஆக்சிலரேட்டரை அழுத்தாதபோது எஞ்சின் ஓடும் வேகம், நிதானமாக நிற்காது. டைமிங் பிந்தியிருந்தால் வண்டி மந்தமாக இருக்கும். பெட்ரோல் போதவில்லை என்று நினைத்து கார்பரேட்டரைத் திறந்துவிடத் தோன்றும். ஒரு கோளாறை இன்னொரு கோளாறால் மறைத்து ஓடும் வண்டிகள் நம் சாலைகளில் நிறைய இருக்கின்றன.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் கார்பரேட்டர். என் வண்டியில் இருப்பது சோலெக்ஸ். குறுகிய கழுத்து வழியாகக் காற்று விரையும்போது அங்கே அழுத்தம் குறைகிறது, அந்தக் குறைவு பெட்ரோலை ஜெட் என்ற சிறு துளை வழியாக மேலே இழுக்கிறது. 1738-இல் பெர்னூலி புத்தகமாக எழுதிய தத்துவம், பாளையங்கோட்டைத் தெருவில் வேலை செய்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுக்க எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். கொள்ளளவில் பார்த்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ ஒன்பதாயிரம் லிட்டர் காற்று. காற்று வடிகட்டியை மாற்றாமல் கார்பரேட்டரைக் குறை சொல்வது எவ்வளவு தவறு என்பது இந்த ஓர் எண்ணிலேயே தெரியும்.

புதிதாகப் பழகுகிறவர் தொட வேண்டியது இரண்டே ஸ்குரூ. ஒன்று, ஆக்சிலரேட்டர் தகடு எவ்வளவு திறந்து நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் ஸ்லோ ஸ்குரூ. மற்றது, பட்டறையில் ஏர் ஸ்குரூ என்று அழைக்கப்பட்டாலும் சோலெக்ஸில் ஸ்லோவுக்கான கலவையையே கூட்டிக் குறைக்கிற ஸ்குரூ. உள்ளே திருகினால் பெட்ரோல் குறையும், வெளியே திருகினால் கூடும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, சோக் முழுக்கத் திறந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டு, இரண்டாவது ஸ்குரூவைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்தால் எஞ்சின் ஏறி இறங்கித் தடுமாறும். மெதுவாக உள்ளே திருகிக்கொண்டு வந்தால் ஓர் இடத்தில் சீராக, வேகமாக ஓடும். அதுதான் இடம். வேகம் கூடியிருந்தால் ஸ்லோ ஸ்குரூவால் குறைத்து, மறுபடி கலவையைச் சரிபார்க்க வேண்டும். ஜெட்டுக்குள் கம்பி விட்டுக் குடைவது கூடவே கூடாது. சோலெக்ஸ் ஜெட்டின் எண் அதன் துளையை மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்காகச் சொல்கிறது. பித்தளையில் அவ்வளவு நுணுக்கமாகப் போட்ட துளையைக் கம்பி பெரிதாக்கிவிடும். காற்றை ஊதிச் சுத்தம் செய்தாலே போதும்.

கலவை உண்மையில் எப்படி இருக்கிறது என்று அறிய மலிவான ஒரு வழி நம் ஊரிலேயே இருக்கிறது. மாசுச் சான்றிதழ் தரும் புகைப் பரிசோதனை நிலையம். ஸ்லோவில் கார்பன் மோனாக்சைடு எத்தனை சதவீதம் என்று அங்கே எண் வரும். என் வண்டி மாதிரிப் பழைய கார்களுக்குச் சட்ட வரம்பு 3 சதவீதம். அந்த எண்ணையும் நோட்டில் எழுதிவைத்தால் அடுத்த முறை ஒப்பிடலாம். பட்டறையில் அண்ணாச்சி வைத்திருக்கும் வாக்குவம் கேஜும் மிக நல்ல கருவி. உறிஞ்சு குழாயில் மாட்டினால், நல்ல எஞ்சினில் முள் 17 முதல் 21 அங்குலப் பாதரச அளவுக்குள் ஆடாமல் நிற்கும். ஒரே தாளத்தில் விழுந்து விழுந்து எழுந்தால் ஒரு வால்வு கோளாறு. தாழ்ந்து நிலையாக நின்றால் டைமிங் பிந்தியிருக்கலாம், இல்லையென்றால் எங்கோ காற்றுக் கசிவு. முதலில் வாங்க வேண்டியது ஃபீலர் கேஜ். இரண்டாவதாக எதையாவது வாங்குவதென்றால் வாக்குவம் கேஜை வாங்குங்கள்.

இப்போது பெட்ரோலே மாறிக்கொண்டிருக்கிறது. 2025-இல் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டிவிட்டது. எத்தனாலின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆக்சிஜன். அது எரியக் குறைந்த காற்றே போதும். பழைய ஜெட்டில் அதே அளவு திரவம் வந்தால் கலவையில் எரிபொருள் பற்றாக்குறையாகிவிடும். பிளக் முன்னைவிட வெளுக்கும், காலையில் சோக் கூடுதல் நேரம் வேண்டியிருக்கும். கூடவே பழைய ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்ப் டயாஃப்ரத்தையும் எத்தனால் கெடுக்கிறது. அவற்றை எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றுவதை நான் முதல் வேலையாகச் செய்தேன். மெயின் ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்கலாமா என்பதை பிளக் நிறம் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

எச்சரிக்கைகளைப் பெண்களுக்காகச் சற்று அழுத்திச் சொல்கிறேன். வளையல், மோதிரம், சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். பேட்டரி முனைக்கும் வண்டி உடம்புக்கும் நடுவே தங்க வளையல் பட்டால் கண நேரத்தில் பழுக்கக் காய்ந்து கையைச் சுட்டுவிடும். அம்பாஸிடரின் ஃபேன் எஞ்சினோடு சேர்ந்தே சுற்றும்; துப்பட்டா, முந்தானை, தொங்கும் பின்னல் எதுவும் பக்கத்தில் போகக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓட்டாதீர்கள்.

கடைசிச் சோதனை சாலையில். பாபநாசம் கோயிலைத் தாண்டி அணைக்கு ஏறும் சாலை எனக்கு அளவுகோல். மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது தயங்காமல் இழுக்கிறதா, நாக்கிங் கேட்கிறதா, திரும்பி வந்ததும் ஸ்லோ நிற்கிறதா என்று பார்த்து எழுதுவேன். அப்பா பின் சீட்டில் இருந்தபடியே "ரெண்டாவதுக்குப் போவாமலே ஏறிட்டுதே" என்று சொன்னதையும் எழுதியிருக்கிறேன்.

அம்பாஸிடர் கிடைக்காதவர்கள் 2000-க்கு முந்தைய மாருதி 800-இல் பழகலாம்; 796 சி.சி., மூன்றே சிலிண்டர், இடமும் தாராளம். அதன் கார்பரேட்டரை ஜப்பானின் மிக்குனி தொழில்நுட்பத்தில் மறைமலை நகரில் யூகால் நிறுவனம் செய்தது. புதிய கார்களில் இதே வேலையைக் கணினி செய்கிறது. புகைக் குழாயிலிருக்கும் ஆக்சிஜன் சென்சார் கலவையைச் சொல்கிறது, நாக் சென்சார் டைமிங்கைத் திருத்துகிறது. கணினியின் நிரலை மாற்றித் திறனைக் கூட்டித் தருவதாகச் சொல்கிறவர்களிடம் புது வண்டியைக் கொடுக்காதீர்கள்; உத்தரவாதமும் போகும், எஞ்சினின் ஆயுளும் குறையும். ஆனால் காற்று வடிகட்டி, பிளக், காற்றுக் கசிவு, கம்ப்ரஷன் ஆகியவற்றைக் கணினியால் சரிசெய்ய முடியாது. அங்கும் பார்க்கும் வரிசை இதுதான்.

பல்பை வைத்து டைமிங் பார்க்கவும், தகட்டை இழுத்து டாப்பெட் வைக்கவும் தெரிந்தவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் பழக வருகிற இளைஞர்கள் குறைந்துவிட்டார்கள், ஏனென்றால் வரும் வண்டிகள் குறைந்துவிட்டன. உங்கள் வீட்டில் ஒரு பழைய கார் நின்றுகொண்டிருந்தால் அதை எடைக்குப் போடுவதற்கு முன் அப்படி ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். ஒரு ஃபீலர் கேஜும் நோட்டும் வாங்கிக்கொண்டு போங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் கேளுங்கள், அந்த நேரத்துக்கு உரிய கூலியை மறக்காமல் கொடுங்கள்.